வெறுங்காலில் ஒரு சீசன்: 1911-ல் நடந்த அந்த இருபது நாட்கள்

போன செமஸ்டர் லீவில் ஊருக்குப் போயிருந்தேன். ஊர் சேவுகம்பட்டி. வத்தலக்குண்டு பக்கம். எங்க ஊர் கிரவுண்டுன்னா பெருசா ஒண்ணும் நினைச்சுக்காதீங்க. செம்மண் தரை, ரெண்டு பக்கமும் கம்பு நட்ட கோல் போஸ்ட், நடுவுல ஒரு மேடு. அதுல சாயங்காலம் ஆனா பசங்க ஆடுவாங்க. பத்துல எட்டுப் பேர் வெறுங்கால்.

என் மாமா பையன் ப்ளஸ் ஒன் படிக்கிறான். எங்க டீம்ல அவன்தான் நல்லா ஆடுறவன். அன்னைக்கு அவன் ஓரமா உக்காந்திருந்தான். "என்னடா மாப்ள, ஆடலயா?"ன்னு கேட்டேன். முந்தின வாரம் பக்கத்து ஊர் டோர்னமென்ட்டுக்குப் போயிருக்கான். "பூட்ஸ் இல்லாம இறங்கக் கூடாது"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்களாம். "அண்ணே, வெறுங்கால்ல ஆடுறவன் பிளேயரே இல்லையாண்ணே?"ன்னு கேட்டான்.

எனக்கு அப்போ பதில் தெரியல. ஹாஸ்டல் திரும்பினதும் தேடிப் படிச்சேன். படிச்சதுல ஒரு சீசன் என்னை அப்படியே பிடிச்சு வெச்சுக்கிச்சு. அதைத்தான் இங்கே எழுதுறேன். சுருக்கமா சொன்னா: 1911-ம் வருஷம் ஜூலை மாசம், பதினொரு பேர் கொண்ட ஒரு அணி, அதில் பத்துப் பேர் வெறுங்கால், இருபது நாளில் ஆறு மேட்ச் ஆடி, பூட்ஸ் போட்ட ராணுவ அணிகளை வரிசையாகத் தோற்கடித்தது. அணியின் பெயர் மோகன் பகான்.

பந்து முதலில் வந்தது காலேஜுக்குத்தான்

கால்பந்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது பிரிட்டிஷ் சிப்பாய்களும் வியாபாரிகளும். அதை இந்தியர்கள் கையில், சரியாகச் சொன்னால் காலில், சேர்த்தது பள்ளிகளும் கல்லூரிகளும்.

கல்கத்தாவில் நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி என்று ஒருத்தர். "இந்தியக் கால்பந்தின் தந்தை" என்று இவரைத்தான் சொல்கிறார்கள். 1877-ல் சின்னப் பையனாக இருக்கும்போது, மைதானத்தில் வெள்ளைக்காரர்கள் பந்து ஆடுவதை நின்று வேடிக்கை பார்த்திருக்கிறார். வெளியே உருண்டு வந்த பந்தைத் திருப்பி உதைத்ததில் ஆரம்பித்தது என்று கதை சொல்வார்கள். பிறகு ஹேர் ஸ்கூல் பசங்களைச் சேர்த்து ஆட ஆரம்பித்தார். பிரெசிடென்சி காலேஜுக்குப் போனபோது பந்தும் கூடவே போனது. 1880-களில் பிரெசிடென்சி, மெடிக்கல் காலேஜ், செயின்ட் சேவியர்ஸ் என்று ஒவ்வொரு கல்லூரியாக டீம் கிளம்பியது. அதில் சிப்பூர் இன்ஜினீயரிங் காலேஜும் ஒன்று. ஆக, நம்ம இன்ஜினீயரிங் கூட்டத்துக்கும் இந்தக் கதையில் பங்கு இருக்கு!

அப்போது வங்காளிகளைப் பற்றி ஆங்கிலேயர்கள் எழுதியதைப் படித்தால் கோபம் வரும். "உடம்பில் வலு இல்லாதவர்கள், புத்தகப் புழுக்கள், சண்டைக்கு லாயக்கில்லாதவர்கள்" என்ற தொனி. மெக்காலே தொடங்கி வைத்த பேச்சு அது. அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லத்தான் குஸ்தி, உடற்பயிற்சி, கால்பந்து எல்லாம் படித்த இளைஞர்களிடம் பரவியது. விவேகானந்தர் 1897-ல் நம்ம சென்னையில் பேசும்போது, கீதை படிப்பதைவிடக் கால்பந்து ஆடினால் சொர்க்கத்துக்குப் பக்கத்தில் போகலாம் என்ற கருத்தைச் சொன்னார். முதலில் உடம்பைத் தேற்று, அப்புறம் கீதை இன்னும் நன்றாகப் புரியும் என்பது அவர் வாதம்.

1889 ஆகஸ்ட் 15-ல் வடக்கு கல்கத்தாவில் மோகன் பகான் கிளப் தொடங்கியது. தேதியைக் கவனிச்சீங்களா? அது தற்செயல்தான், ஆனா நல்ல தற்செயல். முதலில் பெயர் "ஸ்போர்ட்டிங் கிளப்". ஒரு வருஷம் கழித்து, பிரெசிடென்சி காலேஜ் பேராசிரியர் ரோவ், "நீங்க மீன் பிடிக்கிறதும் துப்பாக்கி சுடுறதும் நடத்தலையே, அப்புறம் எதுக்கு ஸ்போர்ட்டிங்?" என்ற பொருளில் கேட்க, "அத்லெடிக் கிளப்" என்று மாற்றினார்கள்.

1900-ல் சைலேன் பாசு செயலாளராக வந்தார். ராணுவத்தில் சுபேதார் மேஜராக இருந்தவர். ஓட்டம், உடற்பயிற்சி, ஒழுங்கு என்று பிழிந்தெடுத்தார். அப்புறம் கோப்பைகள் வர ஆரம்பித்தன. 1904, 1905-ல் கூச் பிகார் கோப்பை. 1905-ல் கிளாட்ஸ்டன் கோப்பையில், அந்த வருஷம் ஷீல்டு வென்ற டல்ஹவுசி அணியை 6–1 என்று அடித்தார்கள். 1906, 1907, 1908 மூன்று வருஷமும் தொடர்ந்து டிரேட்ஸ் கோப்பை.

ஆனால் இவை எல்லாம் "சின்ன" கோப்பைகள். பெரியது ஐ.எஃப்.ஏ. ஷீல்டு. 1893-ல் தொடங்கியது. முதல் பதினெட்டு வருஷமும் எந்த இந்திய அணியும் அதை வென்றதில்லை.

1911: நாடு எப்படி இருந்தது?

மேட்சுக்குப் போகும் முன் ஒரு நிமிஷம் காலண்டரைப் பார்ப்போம்.

1905-ல் கர்சன் வங்காளத்தை ரெண்டாகப் பிரித்தார். சுதேசி இயக்கம் வெடித்தது. அந்தத் தீ தெற்கேயும் பரவியது. 1906-ல் வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். 1908-ல் அவரும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். சிவா யார் தெரியுமா? வத்தலக்குண்டுக்காரர். எங்க ஊரிலிருந்து பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் அவர் பிறந்த ஊர். 1911 ஜூலையில் அவர் இன்னும் சிறையில்தான் இருந்தார். வ.உ.சி.யும் சிறையில்தான்.

1911 ஜூன் 17, சனிக்கிழமை. மணியாச்சி ஸ்டேஷனில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்று, தானும் சுட்டுக்கொண்டு இறந்தார். அதிலிருந்து சரியாக ஆறு வாரம் கழித்து, இன்னொரு சனிக்கிழமை, ஜூலை 29. அன்றுதான் கல்கத்தாவில் ஷீல்டு ஃபைனல்.

ரெண்டுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. நான் அப்படிச் சொல்லவும் வரலை. ஆனா ஒரே காற்றுதான் ரெண்டு இடத்திலும் அடிச்சிட்டிருந்தது. மக்கள் மனசுல இருந்த கேள்வி ஒண்ணுதான்: "இவங்களை ஜெயிக்க முடியுமா?"

பதினொரு பேர்

அணியை அந்தக் காலத்து 2-3-5 அமைப்பில் எழுதுகிறேன். இப்போ நாம 4-3-3, 4-4-2 என்று பேசுற மாதிரி அப்போ எல்லா அணியும் இந்த அமைப்புதான்.

கோல் கீப்பர்: ஹீராலால் முகர்ஜி.
பேக்: பூத்தி சுகுல், ரெவரண்ட் சுதிர் சாட்டர்ஜி.
ஹாஃப் பேக்: மன்மோகன் முகர்ஜி, ராஜேன் சென்குப்தா, நீல்மாதவ் பட்டாச்சார்யா.
ஃபார்வர்டு: கானு ராய், ஹபுல் சர்க்கார், அபிலாஷ் கோஷ், விஜய்தாஸ் பாதுரி, சிப்தாஸ் பாதுரி. இதில் சிப்தாஸ்தான் கேப்டன். விஜய்தாஸ் அவருடைய அண்ணன்.

இவர்கள் யாருக்கும் பந்து ஆடுவது தொழில் இல்லை. படித்துக்கொண்டும் வேலை பார்த்துக்கொண்டும் ஆடியவர்கள். சென்டர் ஃபார்வர்டு அபிலாஷ் கோஷ் ஸ்காட்டிஷ் சர்ச் காலேஜ் மாணவர். பேக் ஆடிய சுதிர் சாட்டர்ஜி மிஷன் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்தியவர். ஸ்டூடண்டும் ப்ரொஃபசரும் ஒரே டீமில்! பதினொரு பேரில் பூட்ஸ் போட்டவர் அந்த ப்ரொஃபசர் ஒருவர்தான்.

எதிரே ஆடியவர்கள் பெரும்பாலும் ராணுவப் படைப்பிரிவுகள். அவர்களுக்கு உடம்பை வலுவாக வைத்திருப்பதே வேலை. அதற்குச் சம்பளமும் உண்டு.

பூட்ஸ் எதிர் வெறுங்கால்: கொஞ்சம் மெக்கானிக்ஸ்

இது இன்ஜினீயரிங் காலேஜ் பத்திரிகை. அதனால் இந்தப் பகுதியை விட முடியாது. ஃபர்ஸ்ட் இயர் இன்ஜினீயரிங் மெக்கானிக்ஸ் ஞாபகம் இருந்தா போதும்.

முதல் விஷயம், பிடிப்பு. காய்ந்த தரையில் பாதத்தின் தோலுக்கும் மண்ணுக்கும் நல்ல உராய்வு இருக்கும். விரல்கள் தனித்தனியாக மண்ணைப் பற்றும். ஆனால் மழை பெய்தால் தரைக்கும் பாதத்துக்கும் நடுவே சேறு ஒரு மசகு மாதிரி உட்கார்ந்துவிடும். ஸ்டட் வைத்த பூட்ஸ் இந்தச் சேற்றைத் துளைத்து, கீழே இருக்கும் கெட்டி மண்ணில் இறங்கும். அங்கே பிடிப்பு உராய்வை மட்டும் நம்பி இல்லை. மண்ணையே வெட்டித் தள்ளினால்தான் கால் வழுக்கும். கல்கத்தாவில் ஜூலை என்றால் கொட்டுகிற மழைக்காலம். அதாவது ஷீல்டு நடக்கும் மாதமே வெறுங்காலுக்கு எதிரான மாதம்.

ரெண்டாவது, எடை. காலை இடுப்பில் மாட்டிய ஊசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊசலின் நுனியில் சேர்க்கும் எடைதான் சுழற்சித் தடையை அதிகமாகக் கூட்டும், ஏன்னா தூரம் வர்க்கமாக வருது. கால் 10 கிலோ, சுழற்சி ஆரம் 0.5 மீட்டர் என்று வைத்தால் சுழல் நிலைமம் 2.5. அரைக் கிலோ பூட்ஸை இடுப்பிலிருந்து 0.9 மீட்டரில் மாட்டினால் கூடுதலாக 0.4. ஆறில் ஒரு பங்கு ஏறிவிட்டது. அந்தக் காலத்து பூட்ஸ் கணுக்காலை மூடும் தடித்த தோல். நனைந்தால் இன்னும் கனம். ஆக பூட்ஸ் போட்டவருக்குப் பலமான நீள உதை. வெறுங்கால்காரருக்குச் சட்டென்று திரும்புவதும், பந்தைக் காலோடு ஒட்டி எடுத்துப் போவதும், குட்டிக் குட்டி பாஸும்.

மூணாவது, வலி. 70 கிலோ சிப்பாய் ஒருத்தர் தெரியாமல் உங்க காலை மிதிக்கிறார். விசை சுமார் 700 நியூட்டன். அவர் வெறுங்காலாக இருந்தால் அது சுமார் 100 சதுர செ.மீ. பரப்பில் பரவும். சதுர செ.மீட்டருக்கு 7 நியூட்டன். அதே ஆள் தலா 1 சதுர செ.மீ. உள்ள ரெண்டு ஸ்டட்டில் எடையை இறக்கினால் சதுர செ.மீட்டருக்கு 350. ஐம்பது மடங்கு! எங்க கிரவுண்டுல இதை நான் நேரடியா அனுபவிச்சிருக்கேன். கணக்குப் போடாமலே புரியும்.

இதோடு பந்தையும் சேர்த்துக்கோங்க. அன்றைய விதிப்படி பந்து 12-லிருந்து 15 அவுன்ஸ், அதாவது 340-லிருந்து 425 கிராம். உள்ளே ரப்பர் பை, வெளியே தோல், வாயில் கயிறு போட்டுத் தைத்த தையல். மழையில் தோல் தண்ணீரைக் குடிக்கும். அதுக்கப்புறம் அந்தப் பந்தை வெறுங்காலால் உதைக்கிறதும், தையல் இருக்கும் பக்கம் தலையில் வாங்குவதும் விளையாட்டு இல்லை.

விதிகளும் வேற மாதிரி. இன்று ஆஃப்சைடுக்கு, பந்து வாங்குபவருக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே எதிரணியில் ரெண்டு பேர் இருந்தால் போதும். 1925 வரை மூணு பேர் வேண்டும். அதனால் முன்னால் ஓடுபவருக்கு நீளமாகப் பந்து போடுவது கஷ்டம். பந்தை வைத்துக்கொண்டு ஆளைத் தாண்டிப் போகத் தெரிந்தவருக்குத்தான் மதிப்பு. கோல் கீப்பர் தன் பாதி மைதானத்தில் எங்கே வேண்டுமானாலும் பந்தைக் கையால் தொடலாம். அது பெனால்டி ஏரியாவுக்குள் மட்டும் என்று சுருங்கியது அடுத்த வருஷம், 1912-ல்.

ஆக, ஆஃப்சைடு விதி வெறுங்கால்காரருக்குக் கொஞ்சம் சாதகம், வானிலை முழுக்கப் பாதகம். இதுதான் சூழ்நிலை.

ஆறு மேட்ச்

ஜூலை 10, முதல் சுற்று. எதிரணி செயின்ட் சேவியர்ஸ் காலேஜ். காலேஜ் டீம்தான். 3–0 வெற்றி.

ஜூலை 14. ரேஞ்சர்ஸ். 2–1.

ஜூலை 19. ரைஃபிள் பிரிகேட். இது ராணுவ அணி. 1–0. இதுக்கப்புறம்தான் ஊர் பேச ஆரம்பித்தது.

ஜூலை 24, அரையிறுதி. மிடில்செக்ஸ் ரெஜிமென்ட். 1–1 டிரா. அப்போ பெனால்டி ஷூட் அவுட் எல்லாம் கிடையாது. மறுபடி ஆடணும். ரெண்டே நாள் கழித்து ஜூலை 26 மறுபடி ஆடினார்கள். 3–0!

ஒரு நாள் இடைவெளியில் அதே பூட்ஸ் கால்களுக்கு எதிரே திரும்ப இறங்குவது எப்படி இருந்திருக்கும்? முதல் மேட்சில் வாங்கிய மிதி காய்வதற்குள் அடுத்த மேட்ச். அதில்தான் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். எனக்கு ஃபைனலைவிட இந்த மேட்ச்தான் பெருசாகத் தெரியுது.

ஜூலை 29, சனிக்கிழமை

எதிரணி ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட். இடம் கல்கத்தா எஃப்.சி. மைதானம்.

கூட்டம் எவ்வளவு என்பதில் ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள். அறுபதாயிரம், எண்பதாயிரம், ஒரு லட்சம்கூட. வெளியூர்க்காரர்களுக்காகச் சிறப்பு ரயில் விட்டார்கள். ஆட்கள் மரத்தில் ஏறினார்கள். பெட்டி வைத்து, அதன் மேல் நின்று பார்க்கக் காசு வாங்கினார்கள். டிக்கெட்டுகள் பல மடங்கு விலைக்குக் கைமாறின. பிளாக் டிக்கெட் நம்ம கண்டுபிடிப்பு இல்லைங்க!

எங்க ஊர்ல தை மாசம் பெருமாள் கோயில்ல வாழைப்பழம் சூறை விடுவாங்க. கூடை கூடையா பழத்தை எறிவாங்க, கூட்டம் தாவிப் பிடிக்கும். அந்த நெரிசல்ல நின்னவனுக்குத்தான் தெரியும், பின்னாடி இருக்கிறவனுக்கு முன்னாடி இருக்கிறவன் முதுகு மட்டும்தான் திருவிழா.

கல்கத்தாவிலும் அதே நிலைதான். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். மைதானத்தின் சுற்றளவு சுமார் 350 மீட்டர். ஆளுக்கு அரை மீட்டர் என்றால் முதல் வரிசையில் 700 பேர். வெளியே போகப் போக வட்டம் பெரிதாவதையும் சேர்த்துக்கொண்டால், 80,000 பேர் நிற்க 80 வரிசைக்கு மேல் வேண்டும். கேலரி இல்லாத சமதரையில் பத்தாவது வரிசைக்கே பந்து தெரியாது. அப்போ வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை!

பின்னே எப்படித் தெரிந்துகொண்டார்கள்? பட்டம் விட்டார்கள். கோல் விழுந்தால் ஸ்கோரைக் காட்டும் பட்டம் மேலே ஏறும். தூரத்தில் நிற்பவர் அண்ணாந்து பார்த்துத் தெரிந்துகொள்வார். ரேடியோ ஒலிபரப்பு வருவதற்கு முன்னால் இருந்த லைவ் ஸ்கோர் ஆப் அது. பேட்டரியும் டேட்டாவும் வேண்டாம், காத்து அடிச்சா போதும்.

முதல் பாதியில் கோல் இல்லை. ரெண்டாம் பாதியில் ஈஸ்ட் யார்க்‌ஷயரின் சார்ஜென்ட் ஜாக்சன் ஃப்ரீ கிக்கில் கோல் அடித்தார். 0–1. மோகன் பகானுக்கு எதிரான பட்டம் ஏறியது. அந்த நேரத்தில் எண்பதாவது வரிசையில் நின்றவரின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். என்ன நடந்தது, யார் தப்பு, ஒண்ணும் தெரியாது. வானத்தில் ஒரு காகிதம் மட்டும் சொல்கிறது: தோற்றுக்கொண்டிருக்கிறோம்.

ஆட்டம் முடிய ஒருசில நிமிடங்கள். கேப்டன் சிப்தாஸ் பாதுரி கோல் அடித்தார். 1–1. அது அடங்குவதற்குள் மறுபடி சிப்தாஸ் இடது பக்கம் பந்தை எடுத்துக்கொண்டு போனார். தானே அடிக்காமல் அபிலாஷ் கோஷுக்குத் தள்ளினார். காலேஜ் பையன் அபிலாஷ் அதை வலைக்குள் அனுப்பினார். 2–1. விசில்.

செய்தி ராய்ட்டர் வழியாக இங்கிலாந்து வரை போனது. கல்கத்தாவில் இருந்த ஆங்கிலேயப் பத்திரிகைகளும் பாராட்டி எழுதின. தெருவில் இந்து, முஸ்லிம் என்று பார்க்காமல் ஊர்வலம் போனார்கள்.

கதைகளும் உண்மையும்

இந்த மாதிரி வெற்றியைச் சுற்றிக் கதைகள் முளைப்பது சகஜம். இன்றைக்கு ஃபார்வர்டு மெசேஜில் வருவதால் ரெண்டை மட்டும் பார்ப்போம்.

"மோகன் பகானுக்குப் பயந்துதான் ஆங்கிலேயர்கள் தலைநகரை டெல்லிக்கு மாத்தினாங்க" என்பது ஒண்ணு. 1911 டிசம்பர் 12-ல் டெல்லி தர்பாரில் தலைநகர் மாற்றத்தையும், வங்கப் பிரிவினை ரத்தையும் அறிவித்தது உண்மை. ஆனால் அதற்கான பேச்சு அரசாங்கத்துக்குள் ஃபைனலுக்கு முன்பே தொடங்கிவிட்டது. வருஷம் ஒண்ணாக இருப்பதால் காரணமும் ஒண்ணு ஆகிவிடாது. லேப் வைவாவில் இதைச் சொன்னால் மார்க் கட் ஆகும்.

இன்னொண்ணு: மேட்ச் முடிந்து வரும்போது ஒருவர், கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியைக் காட்டி, "இதை முடிச்சிட்டீங்க, அதை எப்போ இறக்குவீங்க?" என்று சுதிர் சாட்டர்ஜியிடம் கேட்டதாகவும், "மோகன் பகான் அடுத்த தடவை ஷீல்டு ஜெயிக்கும்போது" என்று பதில் வந்ததாகவும் சொல்வார்கள். இது நடந்ததோ, பிறகு கட்டியதோ, கேட்க நன்றாக இருக்கு. ஆனால் இதில் ஒரு பகுதி ஆவணத்தில் உள்ள உண்மை: மோகன் பகான் ரெண்டாவது முறை அந்த ஷீல்டை வென்றது 1947-ல்தான்.

ஜெயிச்ச பிறகு என்ன ஆச்சு?

எல்லாரும் கதையை ஜூலை 29-லேயே முடிச்சிடுறாங்க. என் மாமா பையன் கேட்ட கேள்விக்கான பதில் அதுக்கு அப்புறம்தான் இருக்கு.

ஷீல்டு ஜெயிச்ச அணி அடுத்த வருஷமே கல்கத்தா லீக்கின் முதல் டிவிஷனில் ஆடியிருக்கணும் இல்லையா? ஆடல. உள்ளே விடல. 1914-ல்தான் ரெண்டாம் டிவிஷனில் இடம் கிடைத்தது. முதல் டிவிஷனுக்குப் போனது 1915-ல். அப்பவும் முதல் டிவிஷனில் ரெண்டு இந்திய அணிகளுக்கு மேல் கூடாது என்ற கட்டுப்பாடு பல வருஷம் இருந்தது. அதாவது நாட்டிலேயே பெரிய கோப்பையை ஜெயித்தாலும் "நீ எலிஜிபிள் இல்லை". நம்ம பாஷையில் சொன்னா, டெஸ்ட்ல ஃபர்ஸ்ட் வந்தவனை இன்டர்வியூ ஹாலுக்குள்ள விடாத மாதிரி.

அடுத்து ஒரு இந்திய அணி ஷீல்டு ஜெயிக்க 25 வருஷம் ஆனது. 1936-ல் முகமதன் ஸ்போர்ட்டிங். அவர்கள் 1934-லிருந்து 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை லீக்கையும் வென்றார்கள். அவர்கள் வெற்றிக்கு ஒரு காரணமாகச் சொல்வது என்ன தெரியுமா? மழை நாளில் பூட்ஸ் போட்டு ஆடப் பழகினார்கள். மேலே போட்ட கணக்கு ஞாபகம் இருக்கா? அதைத்தான் மைதானத்தில் செய்தார்கள்.

1948 லண்டன் ஒலிம்பிக்ஸில் சுதந்திர இந்தியாவின் முதல் அணி ஃபிரான்சுடன் ஆடியது. கேப்டன் தாலிமரன் ஆவோ, கல்கத்தாவில் மெடிக்கல் படித்துக்கொண்டிருந்தவர். நம்ம அணியில் பெரும்பாலானவர்கள் வெறுங்கால். ரெண்டு பெனால்டியை விட்டுவிட்டு, 1–2 என்று கடைசி நிமிடத்தில் தோற்றோம். நம்ம ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். நாலு வருஷம் கழித்து, 1952 ஹெல்சின்கியில், குளிரில், யூகோஸ்லாவியாவிடம் 1–10. அதோடு வெறுங்கால் காலம் முடிந்தது. பூட்ஸ் கட்டாயம் என்று கால்பந்து சம்மேளனமே முடிவெடுத்தது.

அது சரியான முடிவு. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மேலே போட்ட 7-க்கும் 350-க்கும் உள்ள வித்தியாசம் கதை இல்லை, எலும்பு. வெறுங்காலில் ஜெயித்ததால் வெறுங்கால்தான் உயர்ந்தது என்று பேசுவது, டியூப்லைட் இல்லாமல் தெருவிளக்கில் படித்தவரைக் காட்டி "உனக்கெதுக்கு ஹாஸ்டல் கரண்ட்?" என்று கேட்கிற மாதிரி. மோகன் பகான் பசங்க வெறுங்காலால் ஜெயிக்கலை. வெறுங்கால் இருந்தும் ஜெயித்தார்கள். வழுக்கும் தரையில் நிற்பதற்கே எதிரணியைவிடக் கூடுதலாக உழைத்து, அப்புறம் ஆட்டத்திலும் ஜெயித்தார்கள்.

ஆனா விதி போடுறவங்க இன்னொண்ணும் செய்யணும். "பூட்ஸ் இல்லன்னா வெளியே போ"ன்னு சொல்றது பாதி விதிதான். "இந்தா பூட்ஸ், உள்ளே வா" என்பது மீதிப் பாதி. 1911-க்கு அப்புறம் லீக் கதவைச் சாத்தினவங்களுக்கும் கையில் விதிமுறைதான் இருந்தது. விதி நியாயமானதா இல்லையான்னு தெரிய, அது யாரை உள்ளே விடுது, யாரை வெளியே நிறுத்துதுன்னு பார்த்தாலே போதும்.

லீவு முடியும் முன்னாடி இந்தக் கதையை அவன்கிட்ட சொல்லணும்னு நினைச்சேன், முடியல. போன வாரம் போன்ல முழுசா சொன்னேன். பொறுமையா கேட்டான். அபிலாஷ் கோஷ் காலேஜ் ஸ்டூடண்ட்னு சொன்னப்போ "அப்போ உன் வயசாண்ணே?"ன்னான். கடைசியா, "சரிண்ணே, நம்ம டீம்ல பூட்ஸ் இருக்கிறவங்க எத்தனை பேருன்னு கணக்கெடுத்தேன். நாலு ஜோடி இருக்கு. இன்னும் ஏழு வேணும்"ன்னான்.

எங்க ஹாஸ்டல் ரூம்களில் கட்டிலுக்கு அடியில் தூசி படிந்து கிடக்கும் பழைய பூட்ஸ் எத்தனைன்னு இந்த வாரம் எண்ணிப் பார்க்கப் போறேன். சைஸ் 7, 8 இருந்தா எனக்கு ஒரு குரல் கொடுங்க நண்பர்களே. தையல் பிரிஞ்சிருந்தாலும் பரவாயில்லை, வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் தைச்சுக்கலாம்.